பெரியம்மா இருந்த இடத்தில் ஒரு பூனை

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். இனிமையாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொன்னீர்கள். இனிமையாக எழுத எனக்கு வராது. கண்ணாடி போட்டு, தலை நரைத்து, முட்டி வலி வந்த பிறகு புதிதாகப் பழகவும் முடியாது.

போன மாதம் நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி தன் மகளின் படப் புத்தகத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். வழவழப்பான தாள். ஒரு பக்கத்தில் அப்பா மட்டும் இருக்கிற வீடு. இன்னொரு பக்கத்தில் தத்தெடுத்த பிள்ளை. அடுத்ததில் பாலத்துக்குக் கீழே குடியிருக்கும் ஓர் அம்மாவும் மூன்று பிள்ளைகளும். எல்லாம் குடும்பம்தான் என்று கடைசியில் எழுதியிருந்தது. "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது" என்று நீங்கள் ஆளாளுக்குக் கீழே எழுதினீர்கள். கைகூப்பும் படம் போட்டீர்கள்.

நம் காலத்திலும் இருந்தது. நம் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது. உங்கள் கையிலும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அதில் என் வீடு இருந்தது. சரியாகச் சொன்னால் பாதி வீடு.

உங்களுக்கு என் பெயர் மறந்திருக்கும். 'ரெண்டம்மாக்காரி' என்றால் ஞாபகம் வரும். நீங்கள் வைத்த பெயர்தான்.

கதை உங்களுக்குப் பாதி தெரியும். மீதியை யாரும் கேட்டதில்லை. என் அப்பா நெல் லாரி ஓட்டினார். பெரியம்மா அவருடைய முதல் மனைவி, திசையன்விளைக்காரி. பிள்ளை இல்லை. அவளே போய் என் அம்மாவைப் பெண் கேட்டு அழைத்து வந்தாள். நான் பிறந்தேன். நான் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பே களக்காட்டுச் சாலையில் லாரி கவிழ்ந்து அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, மூத்தவள் தம்பி வீட்டுக்குப் போகட்டும், இளையவள் பிள்ளையோடு இங்கே இருக்கட்டும் என்று பேசி முடித்தார்கள். இரண்டு பெண்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் தம்பி வண்டி பிடித்துக்கொண்டு வந்தபோது பெரியம்மா கத்திரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"எலைய நனைச்சிட்டேன். வெட்டாமப் போட்டா அழுகிப் போவும். நீ போ தம்பி, பொறவு வாரேன்" என்றாள்.

பீடி இலையை முந்தின நாள் சாயங்காலம் தண்ணீரில் நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் அது பதமாக இருக்கும். அன்றைக்கே வெட்டிவிட வேண்டும். பெரியம்மா தினமும் சாயங்காலம் இலையை நனைத்தாள். அதனால் எந்தக் காலையிலும் அவளால் கிளம்ப முடியவில்லை. இப்படித்தான் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். இதை ஒரு தந்திரம் என்று புரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

அவளுடைய வலது ஆட்காட்டி விரல் சிறு வயதில் ஏதோ கதவில் நசுங்கி வளைந்துபோயிருந்தது. அதனால் பீடி சுற்ற வராது. வெட்டுவாள். தகரத் தகட்டை இலை மேல் வைத்து, அளவு பிசகாமல் கத்திரியை ஓட்டுவாள். அம்மா தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முனை மடக்குவேன். ஒருத்தி இல்லாவிட்டால் மற்றவளுக்கு வேலை ஓடாது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு இருந்தது. பீடி நாற்றத்துக்காக யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. "இன்னைக்கு எந்த அம்மா சோறு பொங்குனா?" என்று கேட்பீர்கள். பதில் சொன்னாலும் சிரிப்பீர்கள், சொல்லாவிட்டாலும் சிரிப்பீர்கள். சாரல் அடிக்கும் சன்னலோரப் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஆனி, ஆடி முழுக்க என் இடது தோள் நனைந்தே இருக்கும்.

இது அந்தப் புத்தகம் வந்த வருடத்துக் கதை. நாம் ஐந்தாம் வகுப்பு.

ஆனியில் திசையன்விளை மாமா வந்தார். பெரியம்மாவின் தம்பி. பலசரக்குக் கடை வைத்திருந்தார். வரும்போதெல்லாம் ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டு வருவார். கெட்டவர் இல்லை. இப்போது யோசித்தால் அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் அம்மா விரட்டியிருப்பாள்.

"யக்கா, இங்கன ஒனக்கு என்ன ஒறவு இருக்குன்னு ஒக்காந்திருக்க? மச்சான் போயாச்சி. இது ஒம் பிள்ளையுமில்ல."

"எலை நனைஞ்சி கெடக்கு தம்பி. வெட்டிட்டுப் பேசுதேன்."

"நீ எப்ப வெட்டி முடிச்சி, எப்பப் பேச? எம் வீட்டுக்காரி மறுபடி மாசமா இருக்கா. இருக்க ரெண்டையும் பாக்கவே ஆளில்ல."

"அண்ணாச்சி, காப்பி ஆறுது" என்றாள் அம்மா.

அவர் காப்பியைக் குடித்தார். தை பிறப்பதற்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெரு முக்குத் திரும்பும் வரை கத்திரிச் சத்தம் நிற்கவில்லை. திரும்பியதும் நின்றது. பெரியம்மா அந்த இலையை எடுத்துப் பார்த்தாள். கோணலாக வெட்டியிருந்தாள். அவள் கோணலாக வெட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அதே மாதம்தான் புத்தக அக்கா வந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து வியாழக்கிழமை தோறும் பஸ்ஸில் வருவாள். தோளில் பெரிய துணிப்பை. பள்ளிக்கூட வராந்தாவில் கயிறு கட்டி, புத்தகங்களைத் துணி காயப்போடுவது போல விரித்துத் தொங்கவிடுவாள். நமக்கு அதுவரை புத்தகம் என்றால் பாடப் புத்தகம். அதில் குடும்பம் என்றால் அப்பா நாற்காலியில் பேப்பர் படிப்பார், அம்மா தலையில் பூவோடு தோசை சுடுவாள், அண்ணன் பந்து வைத்திருப்பான். அக்காவின் பையில் இருந்தவை வேறு மாதிரி. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வீடு. கல்குவாரியில் கூடாரம் போட்டுப் படுக்கும் வீடு. கண் தெரியாத சித்தப்பாவை ஒரு பிள்ளை கைபிடித்துச் சந்தைக்குக் கூட்டிப் போகும் கதை. படம் நிறைய இருக்கும், எழுத்து ஒரு வரி, இரண்டு வரி. அச்சு மையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். நீங்கள் மணியடித்ததும் ஓடிவிடுவீர்கள். நான் கயிற்றடியில் உட்கார்ந்து கடைசிப் புத்தகம் வரை பார்ப்பேன். அப்பா இல்லாத வீட்டைப் புத்தகத்தில் நான் முதலில் பார்த்தது அங்கேதான். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அக்கா, ரெண்டு அம்மா இருக்க வீடு இதுல இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்லையேம்மா. ஏன் கேக்க?"

"எங்க வீடு அப்படி."

அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். "அப்ப நாமளே ஒண்ணு செஞ்சிருவோமா?" என்றாள்.

இப்படித்தான் அந்தப் புத்தகம் தொடங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகளின் வீடுகளை வைத்து ஒரு படப் புத்தகம். உங்களில் செங்கல் சூளைக்காரன் வீடு அதில் வந்தது. போலியோ கால் தங்கச்சி வீடு வந்தது. ஆனால் தொடங்கியது நான் கேட்ட கேள்வியில். அதை யாரும் எங்கும் எழுதவில்லை, இங்கே நான் எழுதிக்கொள்கிறேன்.

எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. பீடிக் கட்டில் லேபிள் ஒட்டினால்தான் அது சரக்கு. ஒட்டாத கட்டு என்ன நன்றாகச் சுற்றியிருந்தாலும் ஊர் தாண்டாது. அச்சடித்த ஒரு சின்னத் தாள், அதன் பிறகு அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே பக்கத்தில் அச்சாகிவிட்டால் திசையன்விளை மாமா வந்து 'என்ன உறவு' என்று கேட்க முடியாது. புத்தகத்தை விரித்துக் காட்டிவிடலாம். பத்து வயசுப் புத்தி அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதை முழுதாக நம்பினேன்.

படம் போட அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் எழுதுவார். எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தார். புகையிலைத் தூள் ஏறி, கூட வந்த புத்தக அக்கா தும்மிக்கொண்டே இருந்தாள். "ஒன்னு ரெண்டு தும்முனா நல்ல சகுனம்மா. இப்படி விடாமத் தும்முனா எங்க தூளெல்லாம் பறந்துரும்" என்றாள் பெரியம்மா. அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் தும்மினாள்.

"பொட்டு வச்சு வரையட்டுமாம்மா? சின்னப் பிள்ளைக புஸ்தகம் பாருங்க" என்று ஓவிய ஆசிரியர் கேட்டார்.

"இல்லாதத எதுக்கு சார் வைக்கணும்?" என்றாள் அம்மா.

அவர் அப்படியே வரைந்தார். பென்சிலால். முடித்துவிட்டுத் திருப்பிக் காட்டினார். ஒரே பாய். இந்தப் பக்கம் அம்மா, மடியில் தட்டு. அந்தப் பக்கம் பெரியம்மா, கையில் கத்திரி. நடுவில் நான், முனை மடக்குகிறேன். பெரியம்மாவின் வளைந்த விரல்கூட வந்திருந்தது. நாங்கள் மூவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம். பெரியம்மா தன் விரலைப் படத்து விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏளா, ஒன்னய அழகா வரைஞ்சிட்டாரு. சாருக்குக் கண்ணுல கோளாறு" என்றாள்.

"ஒங்க விரல மட்டும் எப்படிக்கா சரியா வரைஞ்சாரு?" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் அப்பா போன பிறகு இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். அந்தப் பென்சில் படம் எங்கே போயிற்று என்று தெரியாது. பிற்பாடு ஓவிய ஆசிரியரைத் தேடிப் போய்க் கேட்டேன். பெரிய சாரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நம் தலைமை ஆசிரியரை அப்படித்தானே கூப்பிடுவோம். பெரிய சார் அப்போது உயிரோடு இல்லை.

புரட்டாசி முடிகிற நேரத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டார்கள். வீடு வீடாகச் சொல்லி அம்மாக்களை வரச் சொன்னார்கள். பெரியம்மா எண்ணெய் வைத்துத் தலைசீவி, மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டாள். அம்மாவும் அவளும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கையில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மெல்லிய புத்தகம், நடுவில் இரண்டு கம்பி அடித்தது. இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. படம் தெரியும்.

எங்கள் பக்கம் வந்தது. அம்மா தட்டோடு இருந்தாள். நான் இருந்தேன். பெரியம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பூனை இருந்தது.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

நான் வேகமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவள் இருந்தாள். ஒரு மரத்தடியில், தனியாக, கத்திரியும் இலையுமாக. மரத்தடியில் உட்கார்ந்து எவளும் பீடி இலை வெட்ட மாட்டாள். காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். அதுகூடத் தெரியாமல் வரைந்திருந்தார்கள். ஆனால் கை அவள் கைதான். விரல் அவள் விரல்தான்.

பெரிய சார் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக்கொண்டு வந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இந்த அம்மாவுக்கு யாரும் இல்லை. இலை வெட்டிப் பிழைக்கிறார். நாம் இவரிடம் அன்பாக இருப்போம்."

நான் எழுந்து நின்றேன். "சார், அது எங்க பெரியம்மா."

"தெரியும்ட்டி. உக்காரு. புஸ்தகத்துல அப்படித்தான் போட முடியும்."

எல்லாத் தலைகளும் முன்வரிசையைப் பார்த்துத் திரும்பின. நீங்கள் கைதட்டினீர்கள், தட்டச் சொன்னதால். எதிர்வீட்டு அத்தை குனிந்து பெரியம்மா காதருகில் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்னளா இது, ஒன்னய மரத்தடியில கொண்டு ஒக்கார வச்சிட்டாவ?"

"மரமாவது குடுத்தாவளே. வெயிலுக்கு ஆச்சி" என்றாள் பெரியம்மா. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் முடியும் வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கொடுத்த மிட்டாயை எனக்குத் தந்தாள்.

அம்மா மட்டும் பெரிய சாரிடம் போனாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ரெண்டு பொண்டாட்டின்னு பிள்ளைகளுக்கு எப்படிம்மா பாடம் நடத்த?" என்றார் அவர். "சட்டத்துக்கு ஆகாத காரியம். மேலேருந்து வந்து கேட்டா நான்தான பதில் சொல்லணும்? அந்தம்மாவையும் விட்டுறலையே. தனியா, கௌரவமா ஒரு பக்கம் குடுத்திருக்கோம்."

கௌரவம் என்ற வார்த்தை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். பெரிய சார் நல்லவர். நல்லவர்கள் பாதியில் நிறுத்த மாட்டார்கள். புத்தகத்தில் படித்ததைச் செய்து காட்ட வேண்டும் என்று காலைக் கூட்டத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவந்து, வரிசையாகப் போய், அந்த அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.

நீங்கள் வந்தீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சின்னப் பையிலும், டிபன் மூடியிலும், சிலர் மூடிய கையிலும் கொண்டு வந்தீர்கள். எங்கள் வாசலில் வரிசை தெருவில் பாதி தூரம் நின்றது. முன்னால் நின்றவன் சத்தமாகச் சொன்னான். "யாருமில்லாத அம்மா, வணக்கம்." கேலி இல்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏலே, யாரு யாருமில்லாதவ? இது எங்கக்கா. போய் ஒங்க சாருட்டச் சொல்லு. போங்கலே எல்லாரும்."

பெரியம்மா அவள் கையைப் பிடித்தாள். "பைய பேசு. பிள்ளைக நீட்டுன கையத் தட்டக் கூடாதுளா." அரிசி புடைக்கும் சுளகை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒவ்வொரு கையாக வாங்கினாள். நனைந்த தலைகளைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். உங்களில் யார் யார் தலையை அவள் துடைத்தாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அடுத்த வெள்ளியும் வந்தீர்கள். அதற்கு அடுத்ததும்.

அந்த அரிசியை அம்மா பொங்கவில்லை. பொங்கவும் முடியாது. ஒரு வீட்டுப் புழுங்கல், ஒரு வீட்டுப் பச்சை, ரேஷன் அரிசி, சிவப்பு மட்டை அரிசி, எல்லாம் கலந்து கிடந்தது. ஒன்று வேகும்போது ஒன்று குழைந்துவிடும். பானையில் போட்டு மூலையில் வைத்திருந்தாள். பார்க்கிற எவருக்கும் தெரியும். கடையில் வாங்கிய அரிசி அப்படி இருக்காது, அறுத்துக் கூலி வாங்கிய நெல் அப்படி இருக்காது. வீடு வீடாக வாங்கிய அரிசிதான் அப்படி இருக்கும்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை திசையன்விளை மாமா வந்தார். கருப்பட்டிப் பெட்டியை வைக்க மூலைக்குப் போனவர் பானையைப் பார்த்தார். கடையில் அரிசியும் விற்கிறவர். கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பினார். புழுங்கலையும் பச்சையையும் விரலால் பிரித்துப் பார்த்தார்.

"யக்கா. இது எங்கன வாங்குன அரிசி?"

அம்மா சொன்னாள். புத்தகம், மரத்தடி, வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆயிற்று. எனக்கு அவர் கத்துவார் என்றுதான் தோன்றியது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒருத்தன் இருக்கேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்கக்காவுக்கு யாருமில்லன்னு ஊருக்கே அடிச்சிக் குடுத்திருக்கானுவ" என்று அழுதார்.

அந்தப் புத்தகம் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே அவரிடம் விரித்துக் காட்டத்தான். அவர் பார்த்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள். "நாளப்பின்ன இந்தப் பிள்ளைய பிச்சச்சோத்து வீட்டுப் பிள்ளைம்பாவ. நான் இங்கன இருந்தாத்தான அரிசி வரும்? கொஞ்ச நாளு அங்கன இருந்துட்டு வாரேன்."

"யக்கா, அவன் சொல்லுதான் இவன் சொல்லுதான்னு..."

"ஒருத்தரும் சொல்லல. நாந்தான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் பெரியம்மா இலை நனைக்கவில்லை. சாக்கு காய்ந்தே கிடந்தது. எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் அவளும் மாமாவும் கிளம்ப, அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். அம்மா வரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து, நனைக்காத இலையை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது நொறுங்கிக்கொண்டிருந்தது. மழை நன்றாகப் பிடித்திருந்தது. பெரியம்மா சன்னலோரம் உட்கார்ந்து தார்ப்பாய்த் திரையைத் தூக்கிப் பிடித்தபடி என்னோடு பேசினாள்.

"தகட்ட வச்சிட்டு வந்திருக்கேன், அது பீடிக் கடை அளவு, அங்கன பிரயோசனப்படாது. கத்திரிய எடுத்துக்கிட்டேன். அம்மாட்டச் சொல்லிரு."

"எப்ப வருவீய?"

"படி. போ, நனையாத."

பஸ் கிளம்பியது. திரை விழுந்தது.

வியாழக்கிழமை புத்தக அக்கா வழக்கம் போல் வந்தாள். நான் கயிற்றடிக்குப் போகவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும், எங்கள் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அம்மா வரச் சொல்லவும் இல்லை.

"பெரியம்மா படத்த எடுத்திருங்கன்னு பெரிய சார் சொன்னாங்கம்மா" என்றாள் அக்கா. "சண்ட போட்டுப் பாத்தேன். முடியல. அடியோட எடுக்க மனசில்ல. அதான் எப்படியாவது இருக்கட்டும்னு கடைசிப் பக்கத்துல வச்சேன். அந்த வரியையும் நாந்தான் எழுதுனேன்."

"எடுத்திருக்கலாமே தாயி" என்றாள் அம்மா.

அக்கா தும்மவில்லை. அழுதாள். அடுத்த பதிப்பில் மாற்றிவிடுவோம் என்றாள். அடுத்த பதிப்பு வரவில்லை, அவளும் தை மாதத்துக்குப் பிறகு வரவில்லை. அவள் போனதும் அம்மா இரண்டு புத்தகத்தையும் எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள். என்னிடம் இருந்ததையும் வாங்கி வைத்தாள். கம்பி மட்டும் சாம்பலில் கிடந்தது. அரிசியை வாய்க்காலில் கொட்டினாள். அதற்குப் பிறகு வெட்டுவதும் சுற்றுவதும் அவளே. கத்திரிச் சத்தம் நிற்கும், பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது, மறுபடி கத்திரி. முன்பெல்லாம் அது நிற்காத சத்தம். நான் முனை மடக்கிக்கொண்டு அந்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னை ரெண்டம்மாக்காரி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டீர்கள். கூப்பிட மாட்டீர்களா என்று இருந்தது.

பெரியம்மா திரும்பி வரவில்லை. தம்பி பிள்ளைகளை வளர்த்தாள். நாங்கள் போய்ப் பார்ப்போம். விரலில் புகையிலை மஞ்சள் போய்விட்டிருந்தது. கடையில் பழைய செய்தித்தாளைப் பொட்டலத்துக்கு அளவாக வெட்டிக் கொடுப்பாள், அதே கத்திரியால். ஒரு முறை என்னிடம் கேட்டாள்.

"அந்தப் புஸ்தகம் இருக்கா?"

"அம்மா அடுப்புல போட்டுட்டாவ."

"போட்டிருக்க வேண்டாம்" என்றாள். "கை நல்லா வந்திருந்துச்சி."

நான் நர்ஸ் படிப்பு முடிக்கும் வருடம் அவள் செத்துப்போனாள். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு போட்டோ வேண்டும் என்று மாமா வந்தார். "யக்கா போட்டோ ஒங்ககிட்ட ஏதும் இருக்கா? எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. கல்யாணத்துலகூட எடுக்கல." அம்மா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். அப்பா படம் இருந்தது. என் பள்ளிக்கூடப் படம் இருந்தது. பெரியம்மாவை ஒருத்தரும் ஒரு நாளும் படம் எடுத்திருக்கவில்லை.

"ஒண்ணு இருந்துச்சி" என்றாள் அம்மா. அடுப்பைப் பார்த்தாள்.

விளக்கை மட்டும் ஏற்றி வைத்துச் சடங்கை முடித்தார்கள்.

அம்மாவும் இப்போது இல்லை. தகடு என்னிடம் இருக்கிறது. அதில் பெரியம்மா கட்டைவிரல் வைக்கும் இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. அது ஒரு முகமாகாது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து வயதில் அரிசி கொண்டுபோகச் சொன்னால் கொண்டுபோகத்தான் செய்வார்கள். படப் புத்தகங்கள் மேலும் கோபம் இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். ஒரு காரியம் கேட்கத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். அந்தப் புத்தகம் உங்கள் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். யார் வீட்டுப் பரணிலாவது, பழைய தகரப் பெட்டியிலாவது கிடக்கும். கம்பி துருப்பிடித்திருக்கும். கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் எனக்கு வேண்டும்.

கீழே இருக்கிற அந்த வரியைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள்.